ஆக்ரா (முடிந்தால்)

எந்தக் குடும்பத்திலும் டூர் போகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால், டூர் போடுகிறவர் ஒருவர்தான் இருப்பார். போகிறவருக்கு ஒரு பெட்டியும் ஒரு மப்ளரும் போதும். போடுகிறவருக்கு எண்பது பக்க நோட்டு, அடிமட்டம், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில், அட்டை கிழிந்த பழைய ரயில்வே கால அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேலாக வேலையிலிருந்து ஓய்வு ஆகியவை வேண்டும். இவர்கள் பெரும்பாலும் கருவூலம், வங்கி, தணிக்கை, மின்வாரியக் கணக்குப் பிரிவு ஆகிய இடங்களில் விளைகிறார்கள். ஒரு கவிஞர் டூர் போட்டு, போனவர்கள் எல்லோரும் ஊர் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி பெரியப்பாவுடையது. கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவர். அடுத்தவர் எழுதிய கணக்கில் பிழை கண்டுபிடித்தே பென்ஷன் வரைக்கும் வந்தவர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பார்வை இந்திய ரயில்வேயின் மேல் திரும்பியது. எந்த வண்டி எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும், எங்கே இன்ஜின் மாற்றுவார்கள், எந்த ஜங்ஷனில் பூரி எண்ணெயாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டை விட்டுக் கிளம்பாமலேயே அவருக்கு இந்தியா தெரியும். கிளம்பினால்தான் கொஞ்சம் குழம்புவார்.

காசி யாத்திரை என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் பெரியப்பா நோட்டில் கோடு போட உட்கார்ந்தார். பிரயாகை, காசி, கயா மூன்றும் முதல் பக்கத்திலேயே பேனாவால் எழுதப்பட்டுவிட்டன. மற்றதெல்லாம் பென்சில். அந்த மூன்றில் யாரும் கை வைக்க முடியாது. ராமேஸ்வரத்து மணல் திரிவேணிக்குப் போக வேண்டும். கங்கைத் தண்ணீர் ராமேஸ்வரத்துக்கு வர வேண்டும். கயாவில் பிண்டம் போட வேண்டும். பித்ருக்கள் சம்பந்தப்பட்டது. அயோத்தி 2024 ஜனவரியில் கோயில் திறந்த நாளிலிருந்து எல்லாக் காசி டூரிலும் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது. டில்லியில் பெரியம்மாவின் தங்கை மகன் இருக்கிறான்; ஜாகை இலவசம். அதனால் டில்லியும் விவாதமின்றி நிறைவேறியது.

மிச்சம் இருந்தது ஆக்ரா.

ஆக்ராவுக்குப் பித்ருக்களின் சிபாரிசு கிடையாது. அங்கே சொந்தக்காரர் கிடையாது. உலகப் புகழ் ஒன்றுதான் உண்டு. புகழுக்கு வவுச்சர் கேட்டால் யார் கொடுப்பார்கள்? மூன்று தலங்களுக்கும் ஒரு சாயங்காலத்தில் முடிந்த வேலை, ஆக்ரா என்ற ஒற்றை ஊருக்கு வாரக்கணக்கில் இழுத்தது. முன்பு ரயிலில் 120 நாள் முன்னதாகவே இடம் பிடிக்கலாம் என்று இருந்தபோது ஆக்ரா விவாதம் நான்கு மாதம் நடக்கும். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்தார்கள். ரயில்வே என்ன காரணம் சொன்னதோ, டூர் போடுகிறவர் உள்ள குடும்பங்களுக்கெல்லாம் பாதிச் சண்டை மிச்சமாயிற்று.

பெரியப்பாவின் முதல் ஆட்சேபம் பூகோள ரீதியானது. “எல்லாம் இடார்சியில இருக்கு” என்பார். சென்னையிலிருந்து போகிற வண்டிகள் இடார்சி வரைக்கும் ஒரே பாதை. அங்கேதான் பிரிவினை. நேர் வடக்கே விட்டால் போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டில்லி. கிழக்கே ஒடித்தால் ஜபல்பூர், பிரயாகை, காசி. “இடார்சிலேயே ஆக்ரா வேற, காசி வேறன்னு பிரிச்சுட்டான் வெள்ளைக்காரன். நாம யாரு சேர்க்கிறதுக்கு?” காசியிலிருந்து ஆக்ரா சுமார் 600 கிலோமீட்டர் என்பதை நோட்டில் எழுதி, அடியில் சிவப்புக் கோடு இழுத்திருந்தார். பெரியம்மாவுக்கு இடார்சி தெரியாது. அவருக்குத் தெரிந்த ஆக்ரா, ஷோகேஸில் இருக்கும் வெள்ளைத் தாஜ்மகால். கல்யாணப் பரிசாக வந்தது. உள்ளே சின்ன பல்பு எரியும். “கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். அசலை ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேனே” என்றார். பெரியப்பா எழுதிவைத்த பக்கங்களில் இதற்குப் பதில் இல்லை. அதனால் அவர் அடுத்த ஆட்சேபத்துக்குப் போனார்.

அடுத்தது கிழமை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வளாகத்துக்குள் இருக்கும் மசூதியில் அன்று தொழுகை. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. டூர் போடுகிறவர்களின் வாழ்க்கையில் ஒரு விதி உண்டு: எங்கிருந்து எப்படி எண்ணினாலும் ஆக்ரா வெள்ளிக்கிழமையில்தான் வந்து விழும். ஒரு நாள் முன்னால் தள்ளினால் அயோத்தியில் அறை கிடைக்கவில்லை. ஒரு நாள் பின்னால் தள்ளினால் டில்லி திங்கட்கிழமைக்குப் போகிறது. திங்களன்று செங்கோட்டையும் அக்ஷர்தாமும் மூடியிருக்கும். டில்லியிலிருந்து ஆக்ராவுக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் நூறே நிமிஷத்தில் கொண்டு சேர்க்கும் கதிமான் எக்ஸ்பிரஸ் 2016 முதல் ஓடுகிறது. அதற்கும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இதைக் கண்டுபிடித்த அன்று பெரியப்பாவின் முகத்தில் ஒரு தேஜஸ் தெரிந்தது. “பாத்தியா? ரயிலுக்கே தெரிஞ்சிருக்கு, போய்ப் பிரயோஜனமில்லேன்னு.”

பேரன் சும்மா இருக்காமல், பௌர்ணமியை ஒட்டி ஐந்து இரவுகள் நிலவில் தாஜ்மகால் பார்க்கலாமே என்று கைபேசியைக் காட்டினான். பெரியப்பா வாங்கிப் படித்தார். வெள்ளிக்கிழமை கிடையாது, ரம்ஜான் மாதம் கிடையாது, ஒரு தடவைக்கு 50 பேர், ஆளுக்கு அரை மணி நேரம். “பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனா விடிய விடிய சுத்தலாம். யாராவது வாட்சைக் காட்டி வெளியே போங்கறானா?” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

கிழமையாவது பரவாயில்லை. பருவம்தான் பெரிய வில்லன். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்கும் ஆக்ராவின் தட்பவெப்பத்துக்கும் முன்ஜென்மப் பகை. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். அப்போது வட இந்தியா முழுக்கப் பனிமூட்டம். தாஜ்மகாலின் எதிரில் நின்றுகொண்டே தாஜ்மகால் எங்கே என்று கேட்கலாம். முழுப் பரீட்சை விடுமுறை மே மாதத்தில். அப்போது அங்கே 45 டிகிரி. சலவைக்கல் கண்ணைக் கூசும், கீழே கால் பொசுங்கும். அக்டோபர் நன்றாக இருக்கும். அக்டோபரில் கொலு. கொலு வைக்கிற வீட்டுப் பெண்களை நவராத்திரியில் கிளப்ப முடியும் என்றால் இந்த நாட்டில் எதையும் செய்துவிடலாம். ஷாஜகான் இதையெல்லாம் யோசிக்கவில்லை என்பதில் பெரியப்பாவுக்கு நிஜமான வருத்தம். “1632ல ஆரம்பிச்சு இருபது வருஷம் கட்டியிருக்கான். ஸ்கூல் லீவு எப்பன்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்.”

இந்தக் கட்டத்தில் அத்தை உள்ளே வந்தார். அத்தை எப்போதும் விவாதத்தின் நடுவில்தான் வருவார். ஆரம்பத்தில் வந்தால் மரியாதை குறைந்துவிடும்.

“ஏண்ணே, கயாவுல பிண்டம் போட்டுட்டு வர்ற வழியில ஒரு சமாதிக்குப் போகணுமா? தீட்டில்லையா?”

அத்தை தம் கட்சிக்கு வந்துவிட்டதில் பெரியப்பா மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆயுசு முழுக்கத் தணிக்கை செய்தவருக்குத் தப்பான வாதம் தமக்குச் சாதகமாக வந்தாலும் பொறுக்காது.

“மும்தாஜ் நமக்கு என்ன முறை வேணும், தீட்டுக் காக்கிறதுக்கு? அவ செத்தது 1631ல, புர்ஹான்பூர்ல. நீ போன வாரம் போனியே, சித்தர் பீடம், அது என்ன?”

“அது ஜீவசமாதி.”

“மெட்ராசுக்கு வந்தப்ப எம்.ஜி.ஆர். சமாதியில காதை வச்சு, வாட்ச் ஓடுது, சத்தம் கேக்குதுன்னு சொன்னியே?”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கேட்டுச்சுதானே” என்றார். அத்தோடு சமயம் சார்ந்த ஆட்சேபம் கைவிடப்பட்டது. சென்னைக்கு வந்து மெரினா சமாதிகளைப் பார்க்காமல் ஊர் திரும்பிய வேன் ஒன்றுகூடக் கிடையாது. சமாதி பார்ப்பதைப் பற்றித் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டூர் போடுகிறவருக்கு உண்மையான எதிரி, ஏற்கெனவே போய்வந்தவர்தான். எங்கள் குடும்பத்தில் அது பெரியப்பாவின் சகலை. அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, “ஒண்ணும் இல்ல சகலை. போட்டோவுல பாத்த மாதிரியேதான் இருக்கு” என்றார். இதைவிடப் பெரிய குற்றச்சாட்டை ஒரு கட்டடத்தின் மேல் வைக்க முடியாது. ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கில எழுத்தாளர் 1926இல் வெளிவந்த தம் பயண நூலில், தாஜ்மகால் தமக்கு ஏமாற்றமாக இருந்தது என்று பல பத்திகள் எழுதி, நான்கு மினார்களையும் தனியே எடுத்துக் குறை சொல்லியிருக்கிறார். சகலை ஹக்ஸ்லியைப் படித்தவரில்லை. 50 ரூபாய் டிக்கெட்டில் தாமாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

இதில் வேடிக்கை, ஆக்ரா வேண்டாம் என்று நேற்று வரை வாதாடிய பெரியப்பாவுக்கு, சகலையும் வேண்டாம் என்றதும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இவரே வேண்டாம் என்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். அன்றிரவு நோட்டில் ஆக்ராவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கப்பட்டது.

பிறகு வந்தது நிதி அறிக்கை. இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை இருக்கும் மேடைக்கு ஏற வேண்டுமானால் தனியாக 200. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். பேரனுக்கு மார்ச்சில் பதினைந்து முடிகிறது. ஆகவே போவதென்றால் அதற்கு முன் போயாக வேண்டும். அந்த 200 ரூபாயில்தான் பெரியப்பா நின்றுவிட்டார். மேலே என்ன இருக்கிறது என்று விசாரித்ததில், மேலே பார்வைக்கு இருப்பவை ஒப்புக்கு வைத்த கல்லறைகள் என்றும், உண்மையானவை கீழே நிலவறையில் இருக்கின்றன, அங்கே பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை என்றும் தெரியவந்தது.

“அப்ப மேல இருக்கிறது டூப்ளிகேட்டு.”

“அப்படி இல்ல பெரியப்பா...”

“டூப்ளிகேட்டுக்கு எரநூறு. அசலுக்கு அனுமதி இல்ல. இந்த மாதிரி ஒரு சொசைட்டிய நான் ஆடிட் பண்ணியிருக்கேன்.”

உயரத்தையும் விடவில்லை. தாஜ்மகால் 73 மீட்டர். டில்லியில் எப்படியும் பார்க்கப் போகிற குதுப் மினார் 72.5 மீட்டர். அரை மீட்டருக்காக ஒரு நாள் செலவழிக்க வேண்டுமா? அதுவும் போதவில்லையென்றால் ஹுமாயூன் கல்லறை டில்லியிலேயே இருக்கிறது. தாஜ்மகாலுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியது, அதே தோட்டம், அதே குவிமாடம். “கலர்தான் வேற” என்றார். புடவைக் கடையில் பெரியம்மாவிடம் எப்போதும் எடுபடாத வாதம் அது. அன்றும் எடுபடவில்லை.

மருமகள் ஒரு புதுத் தகவல் கொண்டுவந்தாள். புகையாலும் தூசியாலும் சலவைக்கல் மஞ்சளித்துப் போகாமல் இருக்க, தொல்லியல் துறை அவ்வப்போது தாஜ்மகாலுக்கு முல்தானி மிட்டி குழைத்துப் பூசி, காயவிட்டுக் கழுவுகிறதாம். பெண்கள் வட்டாரத்தில் இதற்குப் பிறகு ஆக்ராவின் செல்வாக்கு உயர்ந்துவிட்டது. பெரியப்பா மட்டும் இதிலும் ஓட்டை பார்த்தார். நாம் போகிற நேரத்தில் பூச்சு வேலை நடந்து சாரம் கட்டியிருந்தால்? பாலாலயம் செய்த கோயிலுக்குப் போய் மூலவரைப் பார்க்காமல் திரும்பிய கதையாகிவிடுமே!

இவ்வளவு நடந்ததில் தாஜ்மகால் அழகா இல்லையா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. புகழ்பெற்ற ஊர்களை டூரில் சேர்ப்பது அவற்றின் தகுதியைப் பார்த்து அல்ல, திரும்பி வந்த பிறகு வாசலில் நிறுத்தி, “டில்லி வரைக்கும் போயிட்டு ஆக்ரா போகலியா?” என்று யாராவது கேட்பார்களே, அதற்காக. காசி பித்ருக்களுக்கு, ஆக்ரா அக்கம்பக்கத்துக்கு. இரண்டில் எது தோஷம் அதிகம் என்று பெரியப்பாவைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஏனென்றால் கேள்வி அவரிடம்தான் வரும். “யார் போட்ட புரோகிராம்?” என்று கேட்டுவிட்டால் பென்ஷன் வாங்கும் கை நடுங்காதா?

அவரிடம் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதிலும் உண்டு. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஏதோ பயிற்சிக்காகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டில்லி போய்வந்தார். அந்த வண்டி ஆக்ராவில் நிற்கும். ஆனால் போகும்போது விடிவதற்கு முன், வரும்போது ராத்திரி. இரண்டு முறையும் ஆக்ரா கன்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் இறங்கி மண் குவளையில் டீ குடித்திருக்கிறார். “ஆக்ரா நான் பாத்தாச்சே” என்று அவர் சொன்னால் பொய் என்று சொல்ல முடியாது.

கடைசியில் அறிக்கை வெளியானது. கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்து ஆளுக்கு ஒரு நகல். ஒன்பதாம் பக்கத்தில், டில்லிக்குக் கீழே, ‘ஆக்ரா (முடிந்தால்)’ என்று இருந்தது.

இந்த அடைப்புக்குறிதான் டூர் போடுகிறவரின் மேதைமை. போனால் அவர் சேர்த்தது. போகாவிட்டால் முடியவில்லை. பனிமூட்டம், ரயில் தாமதம், யாருடைய வயிறோ, எது வந்தாலும் பழி அதன்மேல் போகும்; புரோகிராம் கறைபடாமல் நிற்கும். பெரியம்மா அந்த வரியைப் படித்துவிட்டு, பேரனின் பேனாவை வாங்கி, ‘முடிந்தால்’ என்பதை அடித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

முடிந்தது. டில்லியிலிருந்து யமுனா விரைவுச்சாலையில் வேன் வைத்துக்கொண்டு போனோம். வாசலுக்கு முன்பே வண்டிகளை நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில் ஏற்றினார்கள். தின்பண்டம், புகையிலை, பெரிய பை எதுவும் உள்ளே அனுமதியில்லை என்றார்கள். எங்களிடம் புளியோதரைப் பொட்டலம், அத்தையின் வெற்றிலைப்பெட்டி, அவர் தூக்கி வந்த கங்கைச் சொம்பு எல்லாம் இருந்தன. காவலுக்கு ஒரு ஆள் வெளியே இருக்க வேண்டும். பெரியப்பா தாமாகவே, “நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்” என்று கிழக்கு வாசலுக்கு வெளியே ஒரு நிழலில் உட்கார்ந்துவிட்டார். பேரன் எவ்வளவோ கூப்பிட்டான். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும், போய்ச் சேர் என்று விரட்டினார்.

உள்ளே என்ன பார்த்தோம் என்றால், பெரியம்மா டயானா உட்கார்ந்த பெஞ்சில் உட்கார வரிசையில் நின்றார். அத்தை காலில் மாட்டிய உறை வழுக்கியதைப் பற்றியே பேசினார். மருமகள் குவிமாடத்தின் உச்சியை விரலால் பிடிப்பதுபோலப் படம் எடுக்கச் சொன்னாள். விரலும் குவிமாடமும் கடைசி வரை சேரவில்லை. நான் பார்த்ததைப் பற்றி எழுதினால் சகலையோ ஹக்ஸ்லியோ கோபிப்பார்கள். அவர்கள் இருவரும் தப்பு என்பதோடு விட்டுவிடுகிறேன். வெளியே வந்தபோது பெரியப்பா வாட்சைப் பார்த்து, “இன்னும் இருபது நிமிஷம் பாக்கி வச்சிட்டு வந்துட்டீங்களே” என்றார். அந்த இருபது நிமிஷத்தில் பேட்டா வாங்கினோம். வெள்ளைப் பூசணியில் செய்வது. கல்யாணப் பந்தியில் நாம் சாப்பிடும் காசி அல்வாவும் அதே பூசணிதான். அத்தை ஒரு துண்டு கடித்துவிட்டு, “பாகு பதம் தப்பிப் போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு, எதிர்பார்த்தபடியே வாசலில் கேட்டார்கள். ஆக்ரா எப்படி இருந்தது என்று. பெரியம்மா, “நல்லாருந்துச்சு” என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தையிடம் கேட்டவர்களுக்குக் கால் உறை கிடைத்தது. ஆகவே கேட்பவர்களை எல்லாம் பெரியப்பாவிடம் அனுப்பிவைக்கும் வழக்கம் வந்தது. அவர் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு எல்லாம் சொல்வார். மினார்கள் நான்கும் ஒரு நூல் வெளிப்புறமாகச் சாய்த்துக் கட்டியவை, விழுந்தால் கல்லறை மேல் விழக்கூடாது என்பதற்காக. 1658க்குப் பிறகு மகன் காவலில் ஷாஜகான் கோட்டையிலிருந்தே பார்த்துக்கொண்டு கிடந்தது. சாயங்காலம் ஆற்றுக்கு அக்கரையில் மெஹ்தாப் தோட்டத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது. கேட்பவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். உள்ளே போய்வந்த நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம்.

போன வாரம் பின் தெரு பள்ளித் தலைமையாசிரியர் வந்திருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர், அவர் கையிலும் ஒரு நோட்டு.

“காசிக்குப் போறோம் சார். ஆக்ராவைச் சேக்கலாமா, வேணாமான்னு ஒரே யோசனை. நீங்க பாத்தவரு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தாராளமா சேத்துக்குங்க. ஆனா மேல மட்டும் ஏறாதீங்க. அது டூப்ளிகேட்டு.”